காஜா பெராங் மீன் ஆஸ்பத்திரி

பாசாரில் மீன் விற்கிறவருக்கு மீன் செத்த பிறகுதான் வியாபாரம் ஆரம்பம். கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு விற்ற எங்களுக்கோ, மீன் செத்தால் அத்தோடு கதை முடிந்தது.

முதலாளியிடம் திட்டும் வாடிக்கையாளரிடம் முறைப்பும் வாங்கிக்கொண்டு, உப்புத் தண்ணீரில் விரல் வெடிக்க வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். நீங்கள் மட்டும்தான் சிரித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பீர்கள்.

மலாக்காவில் காஜா பெராங் பகுதியில், ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ரப்பர் ஷீட் அடுக்கும் கித்தா ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. அதுதான் எங்கள் கடை. நடத்தியவர் தங்கராசு அண்ணன். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவராக, இருந்தவர். ஒருநாள் மருந்து அலமாரியில் ஒரு புட்டி குறைந்ததற்காக, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், பெரிய துரை. அண்ணன் காட்டினார். புட்டி பிறகு அலமாரிக்குப் பின்னாலேயே கிடைத்தது. யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, இனி அந்தத் துரை முன்னால் நிற்கமாட்டேன் என்று அஞ்சலை அண்ணியோடு மலாக்காவுக்கு வந்துவிட்டார். வேறு தோட்டத்துக்குப் போகலாமென்றால் பழைய துரை கையெழுத்துப் போட்ட கடுதாசி கேட்பார்கள். ஆகவே மீன் பிழைத்தால் கடை, மீன் செத்தால் மறுபடியும் துரை. இடையில் வேறு வழி கிடையாது.

தவுக்கே கொட்டகையைச் சும்மா விட்டிருந்தார், ஒரு நிபந்தனையோடு. நவராத்திரி முடிந்து இரண்டு வாரத்தில் சிங்கப்பூரில் ஒரு பணக்காரர் பங்களாவுக்கு மீன் அனுப்ப வேண்டும். அது உயிரோடு போய்ச் சேர்ந்தால் கொட்டகை எங்களுக்கு. இல்லாவிட்டால் கித்தா ஷீட்டுக்கு. நானோ சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் குப்புற விழுந்து, வாய் மட்டும் அடிபடாமல் எழுந்தவன். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிவிடுவேன். சேர்ந்த முதல் வாரமே சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று தவுக்கே குரலில் “லாசூ” என்று ஒரு சத்தம் போட்டேன்; ராசு என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். அண்ணன் வாளியோடு வழுக்கி உட்கார்ந்தார். எழுந்து வந்து என் காதைத் திருகியபடி சொன்னார்: “நல்லாத்தான் செய்யிற. இன்னொரு தடவ செஞ்சா உன்னயும் மருந்துல முக்கிடுவேன்.”

கொரண்டைன்

நம் ஆட்களைக் கப்பலிலிருந்து இறக்கியதும் ஊருக்குள் விடாமல் அடைத்து வைத்தார்களே, அதேபோல் எங்கள் கடையிலும் உண்டு. பூலாவ் புசார் தீவுப் பக்கம் மீன் பிடித்துக் கொண்டுவரும் மலாய்க்காரர் பாக் மாட் எதைக் கொடுத்தாலும், அது முதலில் பின்வரிசைத் தொட்டிக்குத்தான் போகும். அண்ணன் அதற்கு ‘தனி வார்டு’ என்று பெயர் வைத்திருந்தார். காரணம் ஒட்டுப்புழு. கண்ணாடித் துண்டு மாதிரி நிறமே இல்லாத தட்டைப் புழு. மீனின் தோலிலும் கண்ணிலும் செவுளிலும் அப்பிக்கொண்டு உறிஞ்சும். அதன் முட்டை இன்னும் மோசம். முட்டைக்கு நூல் மாதிரி ஒரு வால். வலையில் சிக்கினால் விடாது. மருந்தும் அதை ஒன்றும் செய்யாது, நல்ல வெயிலில் காய்ந்தால்தான் சாகும். அதனால் வார்டு வலைகளுக்குச் சிவப்புப் பிடி, முன்வரிசை வலைகளுக்குப் பச்சைப் பிடி. மாற்றித் தொட்டால் அன்றைக்குப் பசியாற முடியாது.

காலையில் அண்ணன் சுற்றுக்கு வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டி முன்னாலும் குனிந்து, “என்ன, உடம்ப கல்லுல தேய்க்கிறியா? மூச்சு வாங்குதா?” என்று மீனை விசாரிப்பார். தேய்த்தால் புழு என்று அர்த்தம். நான் பின்னாலிருந்து மூக்கால், “முதுகு அரிக்குது லா டாக்டர், கை எட்டலை” என்பேன். ஒருநாள் பாக் மாட் வாளியோடு நின்று இந்த நாடகம் முழுவதையும் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்றதும் தலைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இழுத்து இழுத்துப் பேசும் அவருடைய மலாயில் சொன்னார்: “என் மூத்தவன் காய்ச்சல்ல போனப்போ எந்த டாக்டரும் இப்படிக் குனிஞ்சு பார்க்கல.”

நன்னீர்க் குளியல்

கிணற்றுத் தண்ணீரை வாளியில் ஆற வைத்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்து, அதில் கடல் மீனை விடுவோம். உப்பில்லாத தண்ணீரைப் புழு தாங்காது. மீன் கொஞ்ச நேரம் தாங்கும். வைத்தியம் முழுவதும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான். மீன் முதலில் ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு ஒருக்களித்துப் படுத்து, செத்த மாதிரியே கிடக்கும். அப்போது அதன்மேல் அதுவரை இல்லாத புள்ளிகள் வெள்ளை எள் போல வெளுத்து, ஒவ்வொன்றாக உதிர்ந்து வாளியின் அடியில் இறங்கும். அண்ணன் மீனின் செவுளைப் பார்த்தபடியே நிற்பார். அந்த நேரத்தில் மட்டும் நான் யார் குரலிலும் பேசமாட்டேன்.

பக்கத்துத் தெரு பீபிக் இதைப் பார்க்க அடிக்கடி வருவார். மலாக்கா செட்டி வீட்டு அம்மா, பழைய காலத்திலேயே இங்கே குடியேறிய தமிழர் வம்சம்; வயதான அம்மாவை அவர்கள் பீபிக் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமி எல்லாம் நம் சாமி, பேச்சு முழுக்க மலாய், நடுவில் ‘அம்மா’, ‘அப்பம்’ என்று நாலு தமிழ் தலைநீட்டும். குளியலுக்குத் தோதாக அவர் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்தோம். முதல் தடவை அவர் சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தபோது, ஒரு மீன் பல்லைக் காட்டாத குறையாக ஒருக்களித்துக் கிடந்தது. பீபிக் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு கேட்டார்: “பொறந்தது தண்ணி, வளந்தது தண்ணி, இதுக்கு எதுக்குக் குளிப்பாட்டு? பாரு, அதுக்கே வெறுத்துப்போச்சு.”

துரைசானியின் மீன்

எங்களிடம் கோமாளி மீன் வாங்கிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரைசானி, அதையே ஜாடியில் திருப்பிக் கொண்டுவந்தார். புழு கண்ணில் ஏறிவிட்டிருந்தது. ஒரு கண் அரிசிக் கஞ்சி போலக் கலங்கியிருந்தது. அவர் தோட்டக்காரனிடமும் சமையல்காரனிடமும் கற்ற மலாயில், “இக்கான் சாக்கிட், சாக்கிட்” என்று மூக்கிலிருந்து சொன்னார். மீனுக்கு நோய் என்று எங்களுக்கே செய்தி சொல்கிறார். அவர் தலை மறைந்ததும் அதே மூக்கில் நான் திருப்பிச் சொல்ல வேண்டுமென்று நாக்கு துடித்தது.

குளிப்பாட்டினோம். புழு எல்லாம் உதிர்ந்தது. கண் தெளியவில்லை. சில நாள் கழித்து அவர் வந்தபோது அண்ணன் தொப்பியைக் கழற்றுவது மாதிரி தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கண் போனது போனதுதான் என்றார். தெருவில் மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, கட்டிய காகிதத் தோரணம் மழையில் நனைந்து சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. துரைசானி அதைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். ஆச்சரியம், இந்தத் தடவை மூக்கால் பேசவில்லை: “பரவாயில்லை. அது பார்த்தது போதும். நாங்களும் பார்த்தது போதும், அடுத்த மாதம் ஊருக்குக் கப்பல்.”

பார்மலின் வாசம்

செவுளுக்குள் ஒளிந்த புழு குளியலுக்கு மசியாது. அதற்குப் பார்மலின், பிணம் கெடாமலிருக்க ஊற்றுகிற அதே மருந்து. ஒரு சொட்டு கூடினால் மீன் போய்விடும், ஒரு சொட்டு குறைந்தால் புழு சிரிக்கும். அந்தத் தண்ணீரில் மூச்சு முட்டும் என்பதால் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த இயந்திரம், பழைய லாரி டியூப். அதில் சைக்கிள் பம்ப்பால் காற்றை நிரப்பி, சின்னக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் கசிய விடுவோம். அடிப்பவன் நான். கண் எரியும், மூக்கு எரியும், தோள் கழன்றுவிடும். டியூப் ஊதிப் பெருத்ததும் தவுக்கேயின் தொப்பை மாதிரி இருக்கும்; அதைத் தட்டிக்கொடுத்து அவர் குரலில் “நல்லா சாப்பிட், நல்லா சாப்பிட்” என்பேன்.

அஞ்சலை அண்ணி கோப்பி கொண்டுவந்தால் வாசலிலேயே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அண்ணனின் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார். எத்தனை தடவை அடித்தாலும் அந்த நாற்றம் போகாது. ஒருநாள் நான் அண்ணன் குரலில், “அஞ்சல, இன்னிக்கு மீன் கொழம்பு வையி” என்று கத்தினேன். வாசலில் இருந்தவர் ஏமாறவில்லை. “அவரு மீன தின்னு வருசமாச்சுடா, அதுகூடத் தெரியாம குரல மட்டும் புடிக்கிற” என்றார். வீட்டில் இந்த வாசத்தோடு எப்படித்தான் இருக்கிறீர்கள் அண்ணி என்று கேட்டேன். கோப்பிக் குவளையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “பொணவறை வாசம் அடிச்சா அடிக்கட்டும். துரை வாசம் அடிக்கலையே.”

ஆயுத பூஜை

சிங்கப்பூருக்குப் போகவேண்டியவற்றில் முக்கியமானவை சில பெரிய மீன்கள். பழுப்பு உடம்பில் நீல வளைவுகள் ஓடும். நாங்கள் வளையல் என்று கூப்பிடுவோம். வார்டில் கிடந்து, குளித்து, பார்மலின் குடித்து, ஒரு புழுகூட இல்லை என்று அண்ணன் வாயால் சொல்லி, முன்வரிசைக்கு வந்துவிட்டன. அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்து நான் பயந்தேன், அந்தச் சிரிப்பு எனக்குச் செய்து காட்டத் தெரியவில்லை. பின்வரிசையில் பாக் மாட் புதிதாகக் கொண்டுவந்த மீன்கள் புழுவோடு தேய்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காலையில் குளிப்பாட்டி முடித்ததும் ஆயுத பூஜை.

தொழில் செய்கிறவன் கருவியைக் கும்பிட வேண்டாமா? கொட்டகை மூலையில் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தோம். தராசு, சூடு பார்க்கும் கருவி, பம்ப், டியூப், பார்மலின் புட்டி எல்லாம் வந்து உட்கார்ந்தன. தவுக்கே ஊதுபத்தி கொடுத்தனுப்பினார். அண்ணன் சிவப்புப் பிடி வலைகளையும் பச்சைப் பிடி வலைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஈரத்தோடு ஒரே கட்டாகக் கட்டி, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. நான், “அண்ணே, வார்டு வலை நனஞ்சிருக்கே, தனியா வைக்கலாமா?” என்றேன். அண்ணன் சூடம் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “சாமி முன்னாடி சீக்காளி வலை, நல்ல வலைன்னு ஏதுடா?”

தேய்ப்பு

மறுநாள் மாலையைக் கழற்றினோம், பச்சைப் பிடி முன்னால் போயிற்று, சிவப்புப் பிடி பின்னால் போயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. சில நாள் கழித்துக் காலைச் சுற்றில், முன்வரிசையில் பெரிய வளையல் சட்டென்று சாய்ந்து கல்லில் உடம்பைத் தேய்த்தது. அண்ணன் நின்றுவிட்டார். இன்னொன்றும் தேய்த்தது. வழக்கமாக அந்த இடத்தில் மீனுக்காக நான்தான் பதில் சொல்வேன். அவர் என் பக்கம் திரும்பி, நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேனோ என்பதுபோலப் பார்த்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

தண்ணீரைப் பார்த்தார். கல்லை எடுத்துப் பார்த்தார். கடைசியில் பச்சைப் பிடி வலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார். எனக்கும் காட்டினார். நூல் முடிச்சுகளில் தூசு போலச் சின்னச் சின்ன உருண்டைகள், வாலைச் சுற்றிக்கொண்டு தொங்கின. வெயிலில் காயவேண்டிய வலைகள் ஈர வாழையிலைமேல், மாலைக்கு அடியில், ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கிடந்ததை நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நினைத்தோம் என்று நினைக்கிறேன். கண்ணியில் ஒரு துளி குங்குமம்கூட இன்னும் ஒட்டியிருந்தது. அண்ணன் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார்: “மாலை போட்டுக் கும்பிட்டு, நானே கையால கொண்டாந்து விட்ருக்கேன்டா.”

தவுக்கே வந்தார்

அதன் பிறகு குளியல், பார்மலின், மறுபடி குளியல். உதிர்ந்த புழு உதிர்ந்தது. தொட்டியில் கிடந்த முட்டைகள் பொரித்து அடுத்த கூட்டம் ஏறியது. மீனின் தோல் தாங்கவில்லை. வளைவுகளின் நீலம் வெளிறிப்போயிற்று. சின்னவை முதலில் போயின. நான் விடாமல் பம்ப் அடித்தேன். அண்ணன் சாப்பிடப் போகவில்லை. பீபிக் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மீன் அனுப்பும் நாளுக்கு முந்தின நாள் தவுக்கே வந்தபோது பெரிய வளையல் வாளியில் ஒருக்களித்துக் கிடந்தது. குளியலில் எல்லா மீனும் அப்படித்தான் கிடக்கும் என்று அவருக்கும் தெரியும். அதனால் அவரும் எங்களோடு குனிந்து காத்திருந்தார். வெள்ளை எள் எல்லாம் இறங்கி முடிந்தது. செவுள் அசையவில்லை. அண்ணன் அதைக் கையில் ஏந்தி உப்புத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் நடத்திப் பார்த்தார், வெகுநேரம். தவுக்கே கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அந்தக் குரலையாவது நான் பிடித்து வைத்துக்கொண்டிருப்பேன். இருமிவிட்டு, அண்ணனின் முதுகில் கையை வைத்துச் சொன்னார்: “லாசு, நீ நல்ல டாக்டர். புழு எல்லாம் செத்துப்போச்சு, நான் பாத்தது.”

ஒரு குரல்

மிச்சமிருந்த மீன்களும் அந்த வாரத்திலேயே போய்விட்டன. கித்தா ஷீட் அடுக்க ஆட்கள் வருவதற்குள் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தோம். அண்ணன் வலைகளை, சிவப்புப் பச்சை எல்லாவற்றையும், வெளியே வேலியில் விரித்து வெயிலில் காயப்போட்டார்.

உள்ளே வந்து காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “டேய், தவுக்கே மாதிரி பேசு” என்றார். நான், என்ன பேச அண்ணே என்றேன். “மீன் நல்லாப் போய்ச் சேந்துச்சு, கொட்டகைய வச்சுக்கன்னு சொல்லு” என்றார். நான் சாக்குத் திரைக்குப் பின்னால் போனேன். முதலில் தவுக்கேயின் இருமலைப் போட்டேன், பிறகு “லாசு, மீன் நல்லா இருக்கு லா, கொட்டகை நீ எடு” என்றேன். நான் வாழ்க்கையில் எடுத்த குரல்களிலேயே அதுதான் அச்சு அசல்; பக்கத்து ஸ்டோரில் கணக்கெழுதுகிற சீனர்கூடத் திரும்பிப் பார்த்தாராம். திரையைக் கொஞ்சம் விலக்கினேன். எட்டிப் பார்த்தேன். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்: “ம். அப்படித்தான் சொல்லியிருப்பாரு.”

துரை

அண்ணனின் சாமான்களை லாரியில் ஏற்றி அவருடைய பழைய தோட்டத்தில் இறக்க நானும் கூடப் போனேன். தோட்டத்துப் பெயர்ப் பலகை வந்ததும் அண்ணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் ஆபீஸ் வராந்தாவில் நின்றார். துரை என்னவெல்லாம் கேட்பார், என்ன பதில் சொல்வது என்று அண்ணன் லாரியிலேயே உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டு வந்ததை நான் கவனித்திருந்தேன். பெரிய துரை வெளியே வந்தார். அதே ஆள்தான், நாடு மாறியும் நாற்காலி மாறவில்லை. பைப்பில் புகை விட்டபடி அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். டிரஸர் தேவைதான் என்றார். பிறகு, கிண்டலே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: “இதற்கு முன் எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தாய்?”

ஆக, அந்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் அண்ணனும் நானும் மட்டும்தான், அதிலும் அண்ணனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.